பெரிய மேளமும் சின்ன மேளமும்
‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலை முன்வைத்துச் சில எண்ணங்கள்

வத்தலக்குண்டு என்றவுடன் இலக்கிய அன்பர் நெஞ்சில் மூன்று பெயர்கள் எழும். ‘கமலாம்பாள் சரித்திரம்’ தந்த பி. ஆர். ராஜமய்யர் 1872இல் இவ்வூரில் பிறந்தவர். ‘மணிக்கொடி’யைச் சிறுகதை இதழாக வளர்த்த பி. எஸ். ராமையா 1905இல் இங்கே பிறந்தவர். 1912இல் சின்னமனூரில் பிறந்த சி. சு. செல்லப்பாவுக்கும் வத்தலக்குண்டே வளர்ந்த ஊர். பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், கோடைக்கானலுக்கு ஏறும் வழியில் ஒரு நிறுத்தம் என்று மட்டும் பிறர் அறிந்திருக்கும் சிற்றூருக்கு இப்பேறு சிறிதன்று.

இம்முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து ஒரே வகையானதன்று. ராஜமய்யரின் நாவல் 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது. அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருந்த வாசகரை நோக்கி எழுதப்பெற்றது அது. செல்லப்பாவோ 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, விற்பனையைக் குறியாகக் கொண்ட இதழ்களின் போக்குக்கு எதிர்நிலையில் நின்றவர். தொடர்கதைச் சுவை ஒருபுறம், தொடர்கதையின்மீது ஐயம் மறுபுறம் என இவ்விரண்டையும் நாம் ஒருங்கே பெற்றிருக்கிறோம். ஆகவே பெருவாரியான மக்கள் விரும்பிப் படித்த ஒரு தொடர்கதையை எடுத்துப் பேசப் புகும்போது நம் மனம் இரண்டுபடுவது இயல்பே.

கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ அத்தகையதொரு நாவல். அதைப் படிக்குந்தோறும் எனக்கு மகிழ்ச்சியும் மனவருத்தமும் சேர்ந்தே எழுகின்றன. இவ்விரண்டில் ஒன்று சரி, மற்றது பிழை என்று தீர்த்துவிட முடியுமா? முடியாது என்பதே என் துணிபு. அதற்கான காரணங்களை வரலாற்றின் துணைகொண்டு நம் வட்டத்து அன்பர் முன் வைக்க விழைகிறேன். இது இலக்கியமா, பொழுதுபோக்கா என்னும் பழைய வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. ஒரு கலைக்குழுவைப் பற்றிய கற்பனைக் கதை நாளடைவில் அக்கலையின் வரலாறாகவே மக்கள் நினைவில் நிலைத்துவிடும்போது என்ன நேர்கிறது என்பதே என் வினா.

பாணர் வழி

இசைக்குழுவைப் பின்தொடர்ந்து செல்லும் இலக்கியம் தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் பொருநர், பாணர், கூத்தர் ஆகியோரை ஆற்றுப்படுத்தும் பாட்டுகள் நான்கு. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு கூத்தர் குழுவின் பயணத்தைச் சொல்கிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல் என்று அவர்கள் பையில் கட்டிச் சுமந்து செல்லும் கருவிகளின் வரிசையோடு அப்பாட்டுத் தொடங்குகிறது. வழியில் உள்ள இடர், உண்ணக் கிடைக்கும் சோறு, வழங்கும் புரவலன் ஆகிய மூன்றும் கலைஞர் வாழ்வின் மூன்று கவலைகளாக அங்கே நிற்கின்றன.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்கில் அவளைச் சுற்றி ஒரு முழுக் குழுவே நிற்கிறது. ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் இலக்கணத்தையும் இளங்கோவடிகள் தனித்தனியே கூறுகிறார். அவ்வரங்கில் மாதவி தலைக்கோல் பெறுகிறாள். அரசன் அளித்த மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை குறிக்கப்பெறுகிறது. கலைக்குக் கிடைத்த பரிசே கலைஞியின் விலையாக மாறும் அவலத்தை அந்த ஒரு மாலையில் காட்டிவிடுகிறது காப்பியம். பின்னாளில் எழுந்த எந்த ஆடல்மகள் கதையும் இம்மாலையின் நிழலில் இருந்து முற்றும் விலகியதாகத் தெரியவில்லை.

அயலிலும் இவ்வகைக் கதைகள் உண்டு. மேலை இசை உலகில் ராக் இசைக்குழுக்கள் பெற்ற பெரும்புகழை அடுத்து, இல்லாத குழுக்களைக் கற்பித்து எழுதிய நாவல்கள் பல வந்தன. பம்பாயில் பிறந்த சல்மான் ருஷ்டி 1999இல் வெளியிட்ட ‘தி கிரவுண்ட் பினீத் ஹெர் ஃபீட்’ என்னும் நாவல், பம்பாய் மண்ணிலிருந்து கிளம்பி உலகைக் கவரும் ஒரு கற்பனை ராக் குழுவைப் பற்றியது. யாழ்ப் பாணனான ஆர்ஃபியூஸின் கிரேக்கப் பழங்கதை அதன் அடிப்படை. அந்நாவலில் வரும் ஒரு பாட்டுக்கு அயர்லாந்தின் யூ2 குழு உண்மையாகவே இசையமைத்து 2000இல் வெளியிட்டது. இல்லாத குழுவின் பாட்டு, இருக்கும் குழுவின் வாயில் ஒலித்தது. இவ்வகை நாவல்களுக்கெல்லாம் பொதுவான இடர்ப்பாடு இதுவே: சொல்லால் ஆன நூலில் ஓசை இல்லை. வாசகன் தன் செவியில் முன்பே உள்ள ஓசையை எடுத்து நூலுக்குக் கொடுத்தாக வேண்டும்.

மேளமே கதைத்தலைவன்

கொத்தமங்கலம் சுப்பு (1910–1974) ஜெமினி நிறுவனத்தின் கதை இலாகாவில் பணியாற்றியவர். நடிகர், பாடலாசிரியர், ‘ஔவையார்’ திரைப்படத்தின் இயக்குநர். காந்தியடிகள் வரலாற்றை வில்லுப்பாட்டாக மக்களிடம் கொண்டு சென்றவர். ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் அவர் எழுதிய இந்நாவல் 1950களின் பிற்பகுதியில் ‘ஆனந்த விகட’னில் கோபுலுவின் சித்திரங்களுடன் தொடராக வந்தது. சிக்கல் சண்முகசுந்தரம் என்னும் நாகசுரக் கலைஞனும், திருவாரூர் மோகனாம்பாள் என்னும் ஆடல்மகளும் ஒருவர் கலையை மற்றவர் சீண்டி, போட்டியிட்டு, காதலித்து, பல இடையூறுகளைக் கடந்து இணைவதே கதை.

தமிழில் இசை பற்றிய பெருநாவல் எது என்று கேட்டால் தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளையே நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். அது தகும். ஆனால் ‘மோகமுள்’ளில் இசை தனியொருவனின் தவம். பாபு தன் அறையில், தன் ஆசான் முன்னிலையில், தன் மனத்தோடு போராடுகிறான். சுப்புவின் நாவலில் இசை கூட்டுத்தொழில். ஒரு நாகசுரச் செட்டு என்றால் நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து, தாளம். இவர்கள் ஒன்றாக வண்டியேறுகிறார்கள், ஒன்றாக உண்கிறார்கள், சம்பாவனையைப் பங்கிடுகிறார்கள், சினந்து பிரிந்து மறுநாள் சேர்கிறார்கள். சண்முகசுந்தரத்தின் முன்கோபத்தைத் தவில்காரர் முத்துராக்கு பொறுத்துக்கொள்ளும் பாங்கில் ஒரு தொழிற்குழுவின் உள்ளுறவு முழுவதும் தெரிகிறது. தலைவனின் மூச்சு எங்கே முடியும் என்பதைத் தவில்காரர் அறிவார். அவன் மானம் எங்கே புண்படும் என்பதையும் அவரே அறிவார்.

இக்குழுவாழ்வை எழுத்தில் பதிந்து வைத்தவர் சிலரே. கருவிகளைப் பற்றிய நூல்கள் உண்டு. மேதைகளின் வாழ்க்கைக் குறிப்புகள் உண்டு. ஆச்சா மரத்தில் கடையப்பெற்ற குழலும், நாணலில் செய்த சீவாளியும், பலாமரத் தவிலும் அவற்றில் இடம்பெறும். ஆனால் இரவு இரண்டு மணிக்குச் சாமி புறப்பாடு முடிந்த பின் ஒத்துக்காரர் எங்கே படுத்தார் என்பதை வரலாற்று நூல் சொல்வதில்லை. அதை நினைக்கத் தூண்டும் அளவுக்கு அவ்வுலகை நமக்கு நெருக்கமாக்கியவர் சுப்பு. அவர் நடை பேச்சுத்தமிழின் எள்ளலும் வேகமும் கொண்டது. சவடால் வைத்தி என்னும் தரகன் பாத்திரம் ஒன்றே போதும், புரவலருக்கும் கலைஞருக்கும் இடையில் நின்று இருவரையும் விற்றுப் பிழைத்த ஒரு கூட்டத்தை நாம் என்றும் மறவாதிருக்க. இவை என் மகிழ்ச்சிக்குரிய காரணங்கள்.

ஓசை யாருடையது?

தொடர் வந்த நாளில் அதைப் படித்தவர் செவியில் எந்த நாகசுரம் ஒலித்திருக்கும்? ஐயமின்றித் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரமே. 1898இல் பிறந்த அவர் 1956 டிசம்பரில் மறைந்தார். அவர் தோடி அப்போது ஊர்தோறும் இசைத்தட்டில் இருந்தது. உயர்ந்த சுருதி கொண்ட திமிரிக்கு மாற்றாகக் கீழ்ச்சுருதியில் இனிக்கும் பாரி நாகசுரத்தைப் பரவச் செய்தவர் அவர். கிராப்பும் கோட்டும் அணிந்து, மேடையில் அமர்ந்து, வாய்ப்பாட்டு வித்துவானுக்கு நிகரான மதிப்பைக் கேட்டுப் பெற்றவரும் அவரே. நாகசுரக்காரர் தோளில் துண்டு அணியவும் இசைவு பெற வேண்டியிருந்த நிலையைச் சுயமரியாதை இயக்கத்தார் எதிர்த்த காலம் அது. சண்முகசுந்தரத்தின் தன்மானம் சுப்புவின் தனிக்கற்பனை என்று நான் கருதவில்லை. ஒரு தலைமுறை மேளக்காரர் அனைவரும் விழைந்த தன்மானம் அவனிடம் உருக்கொண்டது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு வழங்கப்பெற்றது. ராஜரத்தினத்துக்கு அது வாய்க்கவில்லை. அதன்பின் நாகசுரத்துக்கு அவ்விருது மீண்டும் கிட்டியது 1998இல், ஷேக் சின்ன மௌலானாவுக்கு. இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள்.

1968இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் நாவல் திரைப்படமாயிற்று. அன்று முதல் நூலின் ஓசை மாறிற்று. மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பே சிக்கல் சண்முகசுந்தரத்தின் வாசிப்பாயிற்று. சிவாஜி கணேசனின் கன்னமும் விரல்களும், பத்மினியின் அடவுகளும், டி. எஸ். பாலையாவின் தவிலும் வாசகன் கற்பனைக்கு இடமின்றி அதை நிரப்பிவிட்டன. வகுப்பில் இந்நாவலைப் பற்றிப் பேசினால் மாணவியர் அனைவரும் கதையை அறிந்திருக்கிறார்கள். நூலைக் கண்டவர் ஒருவர் இருவரே. இதில் வருந்த ஒன்றுமில்லை. நல்ல இசை கேட்கக் கிடைத்தது பேறே. ஆயினும் நாவலில் இருந்த ஒரு வினாவைத் திரைப்படத்தின் அழகு மேலும் ஆழத்தில் புதைத்துவிட்டது என்பது என் கருத்து. அவ்வினா மோகனாம்பாளைப் பற்றியது.

இரு மேளங்கள்

தஞ்சை மண்ணின் கோயில் வழக்கில் நாகசுரமும் தவிலும் சேர்ந்தது பெரிய மேளம். சதிர் ஆட்டமும் அதன் பக்க இசையும் சின்ன மேளம். இரண்டும் ஒரே குலத்தாரின் இரு தொழில்கள். ஒரு வீட்டில் மகன் நாகசுரமோ நட்டுவாங்கமோ பயில்வான், மகள் ஆடுவாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர் இன்றைய நாட்டியக் கச்சேரியின் வரிசையைச் செம்மைப்படுத்தினர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் நிறையும் வரிசை அது. தில்லானா என்பது பெரும்பாலும் பொருளற்ற சொற்கட்டுகளால் ஆனது. அபிநயத்தின் சுமை நீங்கி, காலும் தாளமும் மட்டுமே பேசும் இடம். நாவலின் பெயர் அங்கிருந்து வந்தது.

அவ்வீடுகளுக்கு என்று ஓர் ஒழுங்கு இருந்தது. வீட்டில் பிறந்த மகள் ஆடுவாள், பொட்டுக் கட்டப்பெறுவாள், சொத்துரிமையும் பெறுவாள், மணம் செய்துகொள்ளாள். வீட்டுக்கு வந்த மருமகள் மணம் பெற்றவள், அவள் ஆடாள். அதாவது ஆடலும் தாலியும் ஒரே பெண்ணிடம் சேர்வதில்லை. இதை அறிந்தபின் மோகனாம்பாளின் விருப்பத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவள் மேளக்காரன் ஒருவனை மணக்க விரும்புகிறாள். ஆடலையும் உயிராகக் கொண்டிருக்கிறாள். தாய் வடிவாம்பாளோ மைனரோ மகாராஜாவோ புரவலனாக வேண்டும் என்கிறாள். தாயின் பேராசை என்று நாம் சிரித்துக் கடந்து போவது, ஒரு குடும்பப் பொருளாதாரத்தின் அடிப்படை விதி. வடிவாம்பாள் கெட்டவளாகப் பிறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகில் முதுமைக்குச் சோறு அவ்வழியில்தான் வந்தது.

அவ்வுலகம் முடிவுக்கு வந்ததும் வரலாறே. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் வந்த சட்டத்திருத்தம், கோயில் பணிக்காக இப்பெண்கள் பெற்றிருந்த மானிய நிலங்களை அப்பணியின் கட்டிலிருந்து விடுவித்தது. 1947இல் சென்னை மாகாணம் பொட்டுக் கட்டுதலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. அவ்வாறு நேர்ந்துவிடப்பெற்ற பெண்ணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளத் தகுதியுடையவளே என்று அச்சட்டம் கூறிற்று. இடைப்பட்ட 1930களில் சதிர் ‘பரதநாட்டியம்’ என்று பெயர் மாறியது. 1935இல் ருக்மிணி தேவி அரங்கேறினார். 1936இல் கலாக்ஷேத்திரம் தோன்றியது. ஆடல் மதிப்பு மிக்க மேடைகளுக்கு ஏறிய அதே ஆண்டுகளில், அதை ஆடிவந்த குடும்பத்துப் பெண்களுள் பெரும்பாலோர் மேடையிலிருந்து இறங்கினர்.

சட்டம் வந்து பத்தாண்டுகள் கடந்த நிலையில் சுப்புவின் தொடர் வந்தது. மைனர்களும் சமஸ்தானங்களும் செல்வாக்கோடு இருந்த பழைய நாள்களைத் திரும்பிப் பார்க்கும் கதை அது. 1947க்கு முன் நடப்பதாகச் சொல்லப்படும் அக்கதை, 1947இன் சட்டம் எதை விரும்பியதோ அதையே தன் மகிழ்ச்சியான முடிவாகக் கொள்கிறது: ஆடல்மகளின் திருமணம். விகடனைப் படித்த நடுத்தர வீடுகள் இதில் ஓர் ஆறுதலைப் பெற்றிருக்க வேண்டும். கலை காக்கப்பட்டது, கலைஞி ‘குடும்பப் பெண்’ ஆனாள், யாருக்கும் இழப்பில்லை என்னும் ஆறுதல். மெய்யான வரலாற்றில் இழப்பு இருந்தது. நிலம் போயிற்று, மேடை போயிற்று, பலருக்கு மணமும் வாய்க்கவில்லை. தம் பாட்டியின் தொழிலைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லாமலே மறைந்த பெண்கள் எத்தனையோ பேர். இந்த மௌனத்தின் மீது நாவலின் மங்கல ஓசை கேட்கிறது. என் மனவருத்தம் அங்கே தொடங்குகிறது.

நான்கு வாயில்கள்

நம் இலக்கியத்திலும் வரலாற்றிலும் ஆடல்மகளுக்குத் திறந்த வாயில்கள் எவை என்று எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது துறவு. சித்திராபதி தன் குலத்தொழிலை வற்புறுத்த, மாதவி மகள் மணிமேகலை அதை மறுத்து அறவழி ஏற்கிறாள். வடிவாம்பாளிடம் சித்திராபதியின் குரலை நாம் கேட்கலாம்.

இரண்டாவது மணம். அது மோகனாம்பாளின் வழி.

மூன்றாவது பொதுவாழ்வு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் (1883–1962) தாசி மரபில் வளர்ந்தவர். அவ்வாழ்வை மறுத்து, தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையை மணந்தவர். மோகனாம்பாளின் கதை இதுவே போல் இருக்கிறதல்லவா? ஆனால் அம்மையாரின் வாழ்வில் மணம் முடிவாகவில்லை. தம்மைப் போன்ற பெண்களைத் திரட்டி அவ்வழக்கத்துக்கு எதிராகப் போராடினார். 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலை வெளியிட்டார். கலைநயத்தில் அது சுப்புவின் நாவலுக்கு ஈடாகாது. அதில் தாசியர் மீது காட்டப்பெறும் கடுமையும் சில இடங்களில் நம்மை உறுத்தும். எனினும் உள்ளிருந்தவர் எழுதியது அது. வெளியிலிருந்து இரசித்தவர் எழுதியது ‘தில்லானா’. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி அக்காலம் முழுமையாக விளங்காது.

நான்காவது, எவ்வாயிலையும் நாடாமல் கலையிலேயே நின்றுவிடுவது. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி (1918–1984) அவ்வாறு நின்றார். தம் மரபை மறைக்கவுமில்லை, ஆடலை நிறுத்தவுமில்லை. 1973இல் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது. 1976இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். மோகனாம்பாள் மணந்த பின்னும் மேடையேறியிருந்தால் யாராக இருந்திருப்பாள் என்று நினைக்கும்போது எனக்கு அவர் முகமே நினைவுக்கு வருகிறது.

ஆண் ஊதுவான், பெண் ஆடுவாள் என்னும் பிரிவையும் காலம் கலைத்திருக்கிறது. மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் நாகசுரம் ஏந்திப் புகழ்பெற்ற பெண், 2012இல் மறைந்தார். சண்முகசுந்தரத்தின் மூச்சு ஒரு பெண்ணிடமும் இருக்கக்கூடும் என்பதை நம் மதுரைச் சீமை கண்டிருக்கிறது.

நம் மண்ணின் மேளம்

இந்நாவலில் நம் பகுதி வாசகருக்கு வேறொரு விலகலும் உண்டு. சிக்கலும் திருவாரூரும் காவிரிக்கரை ஊர்கள். அங்கே மேளம் என்றால் மல்லாரியும் இரவு முழுவதும் நீளும் இராக ஆலாபனையும். மதுரை, திண்டுக்கல், தேனிப் பகுதிகளில் மாரியம்மன் திருவிழாக்களில் நாம் கேட்டு வளர்ந்ததோ நையாண்டி மேளம். அதே நாகசுரம், அதே தவில்; உடன் பம்பையும் உண்டு. அதற்கு ஆடுவது சதிர் அன்று, கரகாட்டம். இம்மேளக்காரருக்கும் கரகாட்டப் பெண்களுக்கும் அகாதெமி விருதும் இல்லை, அவர்தம் ஆட்டத்துக்கு மறுபெயர் சூட்டி உயர்த்த முன்வந்தவரும் இல்லை.

1989இல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ திரைப்படம் ‘தில்லானா’ கதையின் சாயலில் எழுந்தது என்பதை அனைவரும் அறிவர். போட்டியும் காதலும் அவ்வாறே. சதிருக்குப் பதில் கரகம், பெரிய மேளத்துக்குப் பதில் நையாண்டி மேளம். இங்கிருந்து தொலைவில் இல்லாத பண்ணைப்புரத்தில் பிறந்தவர் இயக்குநர். கதை காவிரியிலிருந்து வைகைக்கு வந்தபோது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நாயகனும் நாயகியும் ஒரே தொழிலர் ஆயினர். இருவரும் கரகம் ஆடுகின்றனர். ஆடுபவள் மட்டுமே விலைக்குரியவள் என்னும் நிலை அங்கே சற்றே தளர்கிறது. ஆனால் உண்மை வாழ்வில் கரகாட்டப் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதை இவ்வூர்த் திருவிழாவில் நின்றவர் எவரும் அறிவர். பகலில் அம்மன் கரகம் தொழப்படும். இரவில் ஆட்டக்கரகம் கேலி செய்யப்படும்.

இங்கே செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1959இல் வெளிவந்த அக்குறுநாவலும் ஒரு மரபுவழித் திறனையே பொருளாகக் கொண்டது. அங்கும் மேடையில் ஜமீன்தார். கீழே உயிரைப் பணயம் வைக்கும் பிச்சி. பிச்சி காரியை அடக்குகிறான். அதன்பின் மங்கலம் எதுவும் இல்லை. ஜமீன்தார் தன் காளையைச் சுட்டுக் கொல்கிறார். புரவலனின் பெருமைக்குள் எத்தகைய கொடுமை உறங்குகிறது என்பதைச் செல்லப்பா சில வரிகளில் காட்டிவிடுகிறார். சுப்புவின் புரவலர்கள் கேலிக்குரியவர்கள். அஞ்சத்தக்கவர்களாக இருக்கும்போதும் கதை அவர்களைக் கடந்து மணவறைக்கு விரைகிறது. ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்த இவ்விரு நூல்களுள் ஒன்று புரவலனை மன்னிக்கிறது, மற்றது மன்னிக்கவில்லை. நான் ‘வாடிவாச’லை மதிக்கிறேன், ‘தில்லானா’வை விரும்புகிறேன். இவ்விரண்டு வினைச்சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவுதான் இக்கட்டுரை.

நிறைவாக

நாவலை நாம் எவ்வாறு படிப்பது? அது காட்டும் காலத்தின் ஆவணமாகக் கொள்ளாமல், அது எழுதப்பெற்ற காலத்தின் ஆவணமாகக் கொண்டு படிப்பதே முறை என்பேன். 1950களின் தமிழ்ச் சமூகம் தன் மேளத்தை எவ்வளவு நேசித்தது, அம்மேளத்தின் பெண்களை எவ்வாறு மறக்க விரும்பியது என்னும் இரண்டையும் அது ஒருசேரச் சொல்கிறது. முதலாவதை நூலாசிரியர் அறிந்து சொன்னார். இரண்டாவதை நூல் தானே சொல்கிறது.

நேசித்த மேளத்தையும் நாம் நன்கு காத்துவிடவில்லை. பல செட்டுகளில் ஒத்துக்காரர் இருந்த இடத்தில் மின்சுருதிப் பெட்டி அமர்ந்துவிட்டது. தீபாராதனை வேளையில் மோட்டாரால் இயங்கும் மணியும் முரசும் முழங்கும் கோயில்கள் பல. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழலுக்குப் பெருமை வந்ததே, ஊதுபவனுக்கு முகூர்த்த நாள் தவிர மற்ற நாளில் அடுப்பெரிகிறதா என்று கேட்பார் உண்டா?

அதே 2022இல் மற்றொன்றும் நிகழ்ந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 முதல் தமிழக அரசு நடத்திவந்த திருமண உதவித் திட்டம், பெண்களுக்கான உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பெற்றது. அம்மையார் பெயரிலிருந்து தாலி நீங்கிப் புத்தகம் வந்திருக்கிறது. மோகனாம்பாளின் கதையை இன்று ஒருவர் எழுதினால் எங்கே முடிப்பார் என்பதற்கு அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. நம் வட்டத்துக் கவிஞர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நமக்குப் பின்னே நிற்கும் இம்மலைத்தொடர் வையாவிக் கோப்பெரும் பேகனின் நாட்டைச் சேர்ந்தது. பழனியின் பழம்பெயர் பொதினி. மயிலுக்குப் போர்வை ஈந்த அவ்வள்ளல் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் அவனிடம் சென்று பாடினர். புறநானூற்றில் அப்பாடல்கள் 143 முதல் 147 வரை உள்ளன. அரிசில்கிழாரின் பாட்டில் யாழொடு வந்த பாணன் தனக்கு அணிகலனும் செல்வமும் வேண்டா என்கிறான். பரிசில் தர நினைந்தால் இன்றே தேர்பூட்டி, அழுதிருக்கும் அவளிடம் செல்க என்கிறான். கலைஞன் தன் கலைக்குக் கூலியாக ஒரு பெண்ணுக்கு நீதி கேட்ட இடம் அது. நம் மலையடிவாரத்தின் மிகப் பழைய இசைக்கதை அதுவே.

மேளத்தைக் கேட்டு மகிழ்வோம். மகிழ்ந்தபின், அந்தப் பாணன் கேட்டதை நாமும் கேட்போம்.